கை வியர்ப்பதற்கும் மருத்துவம் உண்டு

பரீட்சை விடைத்தாள் நனையுமளவுக்குக் கை வியர்க்கும் மாணவனிடம் "ஏன் இவ்வளவு பயம்?" என்கிறோம். கக்கம் எப்போதும் ஈரமாயிருப்பவரைச் சுத்தமில்லாதவர் என நினைக்கிறோம். கைலாகு கொடுக்கவே கூச்சப்பட்டு ஒதுங்குவோரும் உண்டு. வெக்கையோ வேலையோ இல்லாமலே இப்படி வியர்த்தால் அது ஒரு நோய்.

வியர்வைச் சுரப்பியைத் தூண்டுவது நரம்பு முனையில் வெளியாகும் அசற்றைல்கோலின் என்ற இரசாயனம். பொட்யூலினம் நச்சு அதைத் தடுக்கிறது. பழுதடைந்த உணவில் உருவாகி உயிரையே பறிக்கக்கூடிய நச்சு இது. ஆனால் மிகச் சிறிய அளவில் மருந்தாகிறது. இந்நச்சுக்கு ஆளானோரின் வியர்வையும் உமிழ்நீரும் வற்றியதை ஜேர்மன் வைத்தியர் ஜஸ்டினஸ் கேர்னர் 1820களிலேயே கவனித்தார். கடுமையான கக்க வியர்வைக்கு 2004இல் அமெரிக்கா இதை அங்கீகரித்தது.

ஒரு கக்கத்துக்கு 50 அலகுகள், தோலில் 10 முதல் 15 இடங்களில் ஏற்றப்படும். பலன் பல மாதங்கள் நீடிக்கும். பின்னர் மீண்டும் ஏற்ற வேண்டும். உள்ளங்கையில் வலி அதிகம், பிடியும் சில காலம் தளரலாம். பார்க்கின்சன் நோயாளருக்கு ஓயாமல் வடியும் உமிழ்நீரைக் குறைக்கவும் இதே ஊசி உதவுகிறது.

எடுத்த எடுப்பில் ஊசிக்குப் போகக் கூடாது. தைரொயிட் கோளாறு, காசநோய் போன்றவையும் வியர்க்க வைக்கும். முதலில் அவற்றைப் பரிசோதிக்க வேண்டும். அடுத்தது அலுமினியம் குளோரைட் பூச்சு. அதுவும் பயன் தராவிட்டால்தான் ஊசி. அதையும் அழகு நிலையத்தில் போடாமல், தோல் நோய் வைத்திய நிபுணரிடம் செல்லுங்கள். கர்ப்பிணிகளும் தசை பலவீன நோயுள்ளோரும் அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிட வேண்டும்.