கற்பனை நகரமும் திருவண்ணாமலையும்

மாயமும் வீரமும் கலந்த கற்பனை உலகில், ஆடுபவரே ஒரு பாத்திரமாகப் புகுந்து கதையைத் தம் விருப்பப்படி நடத்திச் செல்லும் வீடியோ கேம்களை ஆர்.பி.ஜி. என்பர். அவற்றில் வரும் நகரங்கள் கோட்டையும் கோபுரமுமாகக் கண்ணைப் பறித்தாலும், சற்று நேரம் சுற்றியதும் நாடக மேடைத் திரைச்சீலை போலத் தட்டையாகத் தெரிந்துவிடுகின்றன. அந்த ஊர் ஏன் அங்கே தோன்றியது, அங்குள்ளோர் எதனால் பிழைக்கின்றனர் என்பவற்றை வடிவமைப்பாளர் எண்ணாமல் விட்டதே இதற்குப் பெரும்பாலும் காரணம்.

இவ்விரு கேள்விகளுக்கும் திருவண்ணாமலை தெளிவாக விடை தருகிறது. மலையே இறைவனாக வழிபடப்படுவதால் அதன் கிழக்கு அடிவாரத்தில் கோயில் எழுந்தது; கோயிலைச் சுற்றி மாட வீதிகள் அமைந்தன; தேர் ஓடித் திரும்ப இடம் வேண்டியிருந்ததால் அவை அகலமாக விடப்பட்டன; திருவிழாக் கூட்டத்தை நம்பிப் பூக்கடைகளும் பாத்திரக்கடைகளும் சத்திரங்களும் பெருகின. 217 அடி உயர ராஜகோபுரமோ, சோழர் காலக் கட்டுமானங்களுக்கெல்லாம் மிகப் பிந்தி, 16ஆம் நூற்றாண்டில் கிருஷ்ணதேவராயரால் தொடங்கப்பட்டது. வடக்குக் கோபுரம் அம்மணி அம்மன் என்ற பெண் துறவியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. வீடு வீடாகப் பொருள் திரட்டி அவர் அதைக் கட்டி முடித்தார் என்பது ஊர் வழக்கு. ஒரே நாளில் கட்டி முடித்தது போல் தோன்றும் கேம் நகரங்களில் இல்லாதது இந்தக் கால அடுக்குதான்.

அடுத்தது மனிதர் நடமாட்டம். ஆடுபவரின் கட்டுப்பாட்டில் இல்லாமல் கணினியே இயக்கும் மாந்தரை என்.பி.சி. என்பர். 1988இல் வந்த அல்டிமா 5 என்ற கேம் இவர்களுக்கு உறக்கம், உணவு, வேலை என நாள் அட்டவணை வகுத்தது. 2006இல் வந்த ஆப்ளிவியனோ நோக்கத்தை மட்டும் கொடுத்து, அதை நிறைவேற்றும் வழியை அவர்களிடமே விட முயன்றது. ஆயினும் பகலும் இரவும் மாறினால் மட்டும் ஊருக்கு உயிர் வந்துவிடாது. திருவண்ணாமலையின் கடிகாரம் நிலவைப் பார்த்தும் ஓடுகிறது: பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் வெறுங்காலுடன் மக்கள் வெள்ளம் நகர, எட்டுத் திசைக்கு ஒன்றாக அமைந்த அஷ்டலிங்கங்கள் வழிகாட்டிக் குறிகளாகவும் இளைப்பாறும் இடங்களாகவும் ஆகின்றன; கார்த்திகை தீபத்தன்று மலையுச்சிக் கொப்பரையில் சுடர் எழும்போது ஊர் முழுவதும் ஒரே திசையில் திரும்புகிறது.

எனினும் அங்குள்ள அனைவரும் பக்தர் அல்லர். மணிலா (நிலக்கடலை) மூட்டையுடன் வரும் விவசாயிக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு வருபவருக்கும் அன்று கோயில் நினைவே வராமல் போகலாம். கதாநாயகனைச் சட்டை செய்யாத இத்தகையோர் சிலரையேனும் தம் நகரில் நடமாடவிடாத வடிவமைப்பாளர், எத்தனை கோபுரங்களை எழுப்பினாலும் அது ஊராகாது. தமிழகக் கோயில் நகரொன்றைக் கேமில் படைக்க விரும்புவோர் பௌர்ணமி இரவை மட்டுமன்றி, சாதாரணச் செவ்வாய்க்கிழமைப் பகலையும் அங்கு சென்று பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.