உங்களுக்குத் தெரியுமா? மூக்கு அறுவையும் ஏற்காட்டு இரவும்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவு குறைவு. ஆரோக்கியமானவருக்கு இது உறைக்காது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ‘ஸ்லீப் ஆப்னியா’ உள்ளவர், மூக்குத் தண்டு வளைவைச் சரிசெய்த கையோடு மலையேறினால் கதை வேறு. உள்ளே பஞ்சும் வீக்கமும் அடைத்திருக்க, இரவெல்லாம் வாயால்தான் மூச்சு. காற்றை அழுத்தத்தோடு செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் (CPAP) கருவியின், மூக்கை மட்டும் மூடும் மாஸ்க் அப்போது உதவாது. வாயையும் மூடும் மாஸ்க் போடலாமா, எப்போதிலிருந்து என்று மருத்துவரைக் கேளுங்கள். தலையை உயர்த்திப் படுங்கள். தூக்க மாத்திரையும் மதுவும் கூடவே கூடாது. தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை மேலும் அடைபடும். மூக்கு அறுவை மட்டுமே ஆப்னியாவைப் பெரும்பாலும் குணமாக்குவதில்லை; சிபாப் பயன்படுத்துவதை எளிதாக்கும். கருவியைப் பரணில் போட்டுவிடாதீர்கள்.