ஈக்களுக்குள் கொண்டு கொடுத்தல் உண்டா?

1980-களில் புர்கினா பாசோவின் சிதெராதுகூ மேய்ச்சல் பகுதியில் சுமார் 3,000 சதுர கிலோமீட்டர் பரப்பிலிருந்து, மனிதருக்கும் மாடுகளுக்கும் நோய் பரப்பும் செட்சி ஈக்களைத் துடைத்தெடுத்தார்கள். பொறிகள், பூச்சிமருந்தில் தோய்த்த துணித் திரைகள், கதிர்வீச்சால் மலடாக்கிய ஆண் ஈக்கள் என எல்லாவற்றையும் சேர்த்துப் பயன்படுத்திய பெரிய முயற்சி அது. சுற்றிலும் தடுப்பு வளையமாக வைத்திருந்த பொறிகளைப் பராமரிப்பது நின்றதும் ஈக்கள் திரும்பி வந்துவிட்டன. நைஜீரியாவின் லாஃபியாவில் 1,500 சதுர கிலோமீட்டரில் நடந்த முயற்சியும் இப்படியே வீணானது. ஆனால் தான்சானியாவின் உங்குஜா தீவில் 1994 முதல் விமானத்திலிருந்து 80 லட்சத்துக்கும் மேற்பட்ட மலட்டு ஆண் ஈக்களைத் தூவினார்கள். 1996 செப்டம்பருக்குப் பிறகு அங்கே ஒரு காட்டு ஈகூடப் பொறியில் விழவில்லை. கையாண்ட முறைகளில் பெரிய வேறுபாடு இல்லை. உங்குஜாவைச் சுற்றிக் கடல் இருந்தது, மற்ற இரண்டு இடங்களிலும் இல்லை. அப்படியானால் ஆப்பிரிக்கப் பெருநிலத்தில், கண்ணுக்குத் தெரியாத கடல் சூழ்ந்த தீவுகள் ஏதேனும் உண்டா? உண்டென்றால் அவற்றைக் கண்டுபிடித்த பிறகே ஒழிப்பு வேலையைத் தொடங்க வேண்டும். அவற்றைக் காட்டித்தரக்கூடியவை ஈக்களின் மரபணுக்கள்தான் என்பது என் வாதம்.

செட்சி ஈயை ஒழிக்க முடியும் என்ற எண்ணமே அதன் விசித்திரமான இனப்பெருக்கத்திலிருந்து பிறந்தது. மற்ற ஈக்கள் நூற்றுக்கணக்கில் முட்டையிடும்போது, இது ஒரு சமயத்தில் ஒரே ஒரு புழுவைத் தன் வயிற்றுக்குள் வைத்து, பால் போன்ற சுரப்பை ஊட்டி வளர்த்து, ஏறத்தாழ பத்து நாட்களுக்கு ஒருமுறை ஈன்றெடுக்கிறது. அந்தப் புழு மண்ணுக்குள் புதைந்து கூட்டுப்புழுவாகிறது. வாழ்நாள் முழுவதும் ஒரு தாய் ஈன்றுவிடுவது பத்துக்குச் சற்றே முன்பின்தான். இவ்வளவு மெதுவாகப் பெருகும் உயிரினத்தில் இறப்பு கொஞ்சம் கூடினாலே கூட்டம் சரியத் தொடங்கிவிடும். ஆனால் இதே உடலமைப்பில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பெண் ஈ பெரும்பாலும் ஒருமுறைதான் இணைசேர்கிறது. அப்போது பெற்ற விந்தை ஆயுள் முழுக்கச் சேமித்து வைத்துக்கொள்கிறது. ஆகவே சுத்தமாக்கிய நிலத்துக்குள் இணைசேர்ந்த ஒரே ஒரு பெண் ஈ நுழைந்தாலும் ஒரு புதிய கூட்டம் உருவாகிவிடலாம். ஆணும் பெண்ணும் இரத்தம் குடிப்பவை என்பதால் இரண்டுமே டிரிப்பனோசோமா என்ற ஒட்டுண்ணியைச் சுமக்கின்றன. அது மனிதருக்குத் தூக்க நோயாகவும் மாடுகளுக்கு நகானா என்ற மெலிவு நோயாகவும் வருகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உகாண்டாவின் விக்டோரியா ஏரிக்கரையில் தூக்க நோய் லட்சக்கணக்கானோரைக் கொன்றது.

மரபணு எப்படி வழிகாட்டுகிறது? நம் ஊர்ப்பக்கத்தில் இரண்டு கிராமங்களுக்கு நடுவே கொண்டு கொடுத்தல் உண்டா என்று கேட்பார்கள். பெண் எடுப்பதும் கொடுப்பதும் தலைமுறை தலைமுறையாக நடந்துகொண்டிருந்தால் இரு ஊர்ப் பேச்சும் முகச்சாயலும் கலந்துபோகும். நின்றுவிட்டால் மெல்லப் பிரியும். ஈக்களின் டிஎன்ஏவில் சில எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் துண்டுகள் உண்டு. மைக்ரோசாட்டிலைட் என்று பெயர். எத்தனை முறை திரும்ப வருகிறது என்பது ஈக்கு ஈ மாறும். ஒவ்வொரு வகையும் எந்தெந்த ஊர் ஈக்களிடம் எத்தனை விழுக்காடு இருக்கிறது என்று கணக்கிட்டால், எந்த இரு கூட்டங்களுக்கு இடையே சம்பந்தம் நடக்கிறது என்பது தெரிந்துவிடும்.

செனகலின் நியாயெஸ் பகுதி இதற்குச் சிறந்த சான்று. டாக்கர் நகரை ஒட்டிய கடற்கரைச் சதுப்புப் பட்டை அது. கறவை மாடு வளர்ப்புக்கு ஏற்ற தட்பவெப்பம், ஆனால் ஈயால் முடங்கிய தொழில். 1970-களில் மருந்து தெளித்து ஒழித்துவிட்டதாகவே நம்பினார்கள். பிறகு ஈக்கள் மீண்டும் தென்பட்டன. வெளியிலிருந்து வந்தவையா, ஒளிந்து பிழைத்தவையா? விடையைப் பொறுத்துத் திட்டமே மாறும். வெளியிலிருந்து வருபவை என்றால் ஒழிப்பு வீண். ஈயைக் குறைத்து வைத்திருப்பதே நியாயமான இலக்கு. 2010-இல் வெளியான ஆய்வு, நியாயெஸ் ஈக்களையும் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் தென்கிழக்கே மிஸிராவில் பிடித்த அதே இன ஈக்களையும் ஒப்பிட்டது. இரண்டுக்கும் நடுவே கொண்டு கொடுத்தல் அற்றுப்போயிருந்தது. வறண்ட நிலமே கடலாக நின்று நியாயெஸைத் தீவாக்கியிருந்தது. அதன் பிறகுதான் முழு ஒழிப்பு என்று முடிவு செய்து, புர்கினா பாசோவிலிருந்து மலட்டு ஈக்களை வரவழைத்துத் தூவினார்கள்; திட்டப் பகுதியின் பெரும்பாகத்தில் ஈ ஒடுங்கியது. முதலில் நிலத்தைப் படித்து, பிறகு இலக்கை வகுத்த அந்த வரிசைமுறையை நான் மிகவும் மதிக்கிறேன்.

உகாண்டாவில் நிலைமை நேர்மாறு. தூக்க நோயின் இரு வடிவங்களும் உள்ள ஒரே நாடு அது: மெல்லக் கொல்லும் காம்பியென்ஸ் வடமேற்கிலும், வேகமாகக் கொல்லும் ரோடீசியென்ஸ் தென்கிழக்கிலும். மருந்தும் சிகிச்சை முறையும் நெடுங்காலம் வேறுவேறாக இருந்ததால் இரண்டும் ஒரே இடத்தில் கலந்துவிடக் கூடாது என்பது மருத்துவர்களின் பெருங்கவலையாக இருந்தது. அங்குள்ள ஈக்களின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ, அதாவது தாய்வழியாக வரும் டிஎன்ஏ, வடக்கு, தெற்கு என்று இரண்டு பழைய மரபுகளாகப் பிரிந்து நிற்கிறது. ஆனால் நாட்டின் நடுவே, கியோகா ஏரியை ஒட்டிய பகுதியில் அந்த இரண்டும் சந்தித்துக் கலக்கின்றன. மாவட்ட எல்லையைக் கோடாகக் கிழித்து அங்கே ஈயை ஒழிக்கப் புறப்பட்டால் சிதெராதுகூவின் கதைதான் மீண்டும் நடக்கும். ஆப்பிரிக்கத் தலைவர்கள் 2000-இல் லோமே மாநாட்டில் கண்டம் முழுவதும் செட்சி ஒழிப்பு என்று தீர்மானித்தது பெருமுயற்சி. ஆனால் எங்கிருந்து தொடங்குவது என்பதை அரசியல் வரைபடம் சொல்லாது.

இதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. மரபணு காட்டுவது நேற்றைய வரலாறு, இன்றைய நடமாட்டம் அல்ல என்பது முதலாவது. உண்மைதான். 1890-களில் ரிண்டர்பெஸ்ட் என்ற வெக்கை நோய் ஆப்பிரிக்காவின் மாடுகளையும் காட்டு விலங்குகளையும் கொத்துக்கொத்தாகக் கொன்றபோது, இரத்தம் கிடைக்காமல் செட்சிக் கூட்டங்களும் சுருங்கின. ஆப்பிரிக்காவின் தென்பகுதிகளில் வாழும் சில ஈ இனங்களில் மரபணு வகைமை குறைந்திருப்பதற்கு அதையே காரணமாகக் கருதுகிறார்கள். அப்படி ஒரே மிச்சத்திலிருந்து அண்மையில் பெருகிய இரு கூட்டங்கள், இன்று தொடர்பே இல்லாவிட்டாலும், ஒன்றுபோல் தெரியும். எனவே கொண்டு கொடுத்தல் உண்டா என்ற கேள்விக்கு மரபணு சொல்லும் “ஆம்” என்ற விடையை ஐயத்தோடுதான் ஏற்க வேண்டும். அதன் “இல்லை” வேறு விதம். தலைமுறைக்கு ஓரிரு ஈக்கள் வந்து இனம் பெருக்கினாலே கூட்டங்களுக்கு இடையிலான வேற்றுமை பெரிதாக வளர முடியாது. ஆழமான வேற்றுமை தெரிகிறது என்றால் அந்தப் போக்குவரத்து நெடுங்காலமாக நின்றிருக்கிறது என்று பொருள். ஒழிப்புக்குத் தேவையான விடையும் அந்த “இல்லை”தான்.

கூட்டம் அடர்த்தி குறையும்போது ஈக்கள் அதிக தூரம் பரவுகின்றன என்று 2019-இல் சிலர் வாதிட்டார்கள்; பாதிப் பணியோடு நிறுத்தினால் ஈயை நாமே விரட்டிப் பரப்பியதாகிவிடும் என்பது அவர்கள் அச்சம். அது கணக்கிட்ட முறையால் விளைந்த தோற்றப் பிழை என்று 2021-இல் மறுப்பு வந்தது. மறுப்பு எனக்கு வலுவாகவே படுகிறது. ஆனால் அச்சம் சரியாக இருந்தாலும் பாதகமில்லை: தனித்திருக்கும் கூட்டத்தைத் தேர்ந்து முழுதாக ஒரே வேகத்தில் தாக்கும் முறைக்கு அது இன்னொரு காரணமாகவே அமையும்.

மிச்சமிருப்பது பணத்தைப் பற்றிய மறுப்பு. 1998-இல் ஏறத்தாழ 40,000 பேருக்குப் பதிவான தூக்க நோய், 2018 முதல் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. ஃபெக்ஸினிடசோல் என்ற வாய்வழி மாத்திரையும் வந்துவிட்டது. ஈயை ஆராய்வதைவிட நோயாளியைத் தேடுவது முக்கியமல்லவா என்று கேட்கலாம். நோயாளியைத் தேடும் வேலை நிற்கவே கூடாது. ஆனால் மாத்திரையால் மாட்டைக் கடிக்கும் ஈ குறையாது. ரோடீசியென்ஸின் இருப்பிடமே மாடுகளும் காட்டு விலங்குகளும்தான். செலவும் அஞ்சும்படியானதல்ல. ஈக்கள் ஏற்கெனவே பொறியில் விழுந்து, எண்ணப்பட்டு, குப்பைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் மூன்று கால்களைப் பிய்த்து, பிடித்த இடத்தைக் குறித்து, சாராயக் குப்பியில் போட்டுவைத்தால் டிஎன்ஏ கிடைத்துவிடுகிறது. ஒழிப்புக்கு முன் சேர்த்த அந்தக் குப்பிகள் இருந்தால், ஐந்து ஆண்டு கழித்துப் பொறியில் ஓர் ஈ விழும்போது, அது பழைய கூட்டத்தின் எச்சமா, வெளியூரிலிருந்து வந்ததா என்று அந்த வாரமே கேட்க முடியும்.