பொலித்தீன் கடலுக்கு அடியில் ஒரு சமவெளி: அல்மேரியா சொல்லும் பாடம்

ஸ்பெயினின் தென்கிழக்குக் கரையைச் செய்மதிப் படத்தில் பார்த்தால், மத்தியதரைக் கடலை ஒட்டிப் பெரியதொரு வெள்ளைத் திட்டு தெரியும். உப்பளமா, பனியா என்று மாணவர்கள் என்னிடம் கேட்பார்கள். இரண்டும் இல்லை. அது அல்மேரியா மாகாணத்தின் பசுமை இல்லங்கள். 30,000 ஹெக்டேயருக்கும் அதிகமான நிலத்தைப் பொலித்தீன் கூரைகள் மூடியுள்ளன. விவசாயம் ஒரு கரையோரக் கிராமப்புறத்தின் முகத்தையே மாற்றிவிடும் என்பதற்கு நான் வகுப்பில் காட்டும் முதல் உதாரணம் இதுதான்.

அந்தலுஸ் வரலாற்றை வாசித்தவர்களுக்கு அல்மேரியா புதிய பெயரல்ல. 955இல் கலீபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் நிறுவிய துறைமுக நகரம் அது. ஆனால் நகருக்கு மேற்கேயுள்ள தாலியாஸ் சமவெளி, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பெரும்பாலும் ஆடுகள் மேய்ந்த வறண்ட நிலமாகவே இருந்தது. வருடத்திற்குச் சுமார் 200 மில்லிமீற்றர் மழைதான் அங்கு கிடைக்கிறது. எமது மன்னாரில்கூட அதைவிடப் பல மடங்கு மழை பெய்கிறது.

1950களில் அரசாங்கம் அங்கு கிணறுகளைத் தோண்டி, குடியேற்றத் திட்டங்களை ஆரம்பித்தது. விவசாயிகள் கல் நிலத்தின் மீது களிமண்ணையும், அதன் மேல் எருவையும், எல்லாவற்றுக்கும் மேல் மணலையும் பரப்பினர். மணல் நீர் ஆவியாவதைக் குறைக்கும். உப்பு மேலே ஏறுவதையும் தடுக்கும். 1960களில், திராட்சைக்குப் போட்டிருந்த கம்பிப் பந்தலைப் பொலித்தீனால் மூடிப் பார்த்தார்கள். மிதமான குளிர்காலமும் நல்ல வெயிலும் உள்ள பிரதேசம் என்பதால், அதிகம் சூடேற்றாமலேயே தக்காளியும் குடைமிளகாயும் வெள்ளரியும் விளைந்தன. குளிர்காலத்தில் ஐரோப்பியச் சந்தைகளுக்கு மரக்கறி அனுப்பும் பிரதேசமாக அது மாறியது.

இதனால் கிடைத்த நன்மையை மறைக்க முடியாது. பிழைப்புத் தேடி மக்கள் வெளியேறிய ஏழ்மையான பகுதிக்கு இன்று தொழில் தேடி மற்றவர்கள் வருகிறார்கள். 1982இல் தனி நகரசபையான எல் எஹிதோவில் இன்று 80,000க்கும் அதிகமானோர் வாழ்கின்றனர். கோடையில் கூரைகளுக்கு வெள்ளையடிப்பதால் சூரிய ஒளி திருப்பி அனுப்பப்படுகிறது. 1983 முதல் 2006 வரை அப்பகுதியின் வெப்பநிலை பத்தாண்டுக்கு 0.3 பாகை செல்சியஸ் வீதம் குறைந்ததாக ஓர் ஆய்வு கண்டறிந்தது.

ஆனால் அந்த வளர்ச்சிக்குத் தேவைப்பட்டவை அயலில் இருந்தே எடுக்கப்பட்டன. மணல் கடற்கரையிலிருந்தும் மணற்குன்றுகளிலிருந்தும் வந்தது. களிமண் தோண்டிய குழிகளில் நீர் தேங்கி, லாஸ் நோரியாஸ் என்ற இடத்தில் ஒரு புதிய ஈரநிலமே உருவானது. அரிய வெண்தலை வாத்துகள் இன்று அங்கு வாழ்கின்றன என்பது எதிர்பாராத விளைவு. நிலத்தடி நீரோ மழை நிரப்புவதை விட வேகமாக இறைக்கப்பட்டது. சில இடங்களில் கடல்நீர் உள்ளே புகுந்தது. இப்போது கடல்நீரைச் சுத்திகரித்துப் பயிருக்கு விடுகிறார்கள். அது கிணற்று நீரை விடச் செலவு கூடியது.

சில வருடங்களுக்கு ஒருமுறை கழற்றப்படும் பொலித்தீனில் ஒரு பகுதி நீரோடைகளில் சிக்கிக் கடலைச் சேருகிறது. 2012இல் அயல் மாகாணமான கிரனாடாவின் கரையில் ஒதுங்கிய திமிங்கிலத்தின் வயிற்றில் பசுமை இல்லப் பொலித்தீன் காணப்பட்டது.

கூரைகளுக்கு இடையே இன்னொரு காட்சியும் உண்டு. பழைய பொலித்தீனையும் மரப்பலகைகளையும் கொண்டு கட்டிய குடிசைகளே அவை. அறுவடை செய்யும் தொழிலாளர்களில் மொரோக்கோவிலிருந்தும் மேற்கு ஆபிரிக்காவிலிருந்தும் வந்தவர்கள் ஏராளம். அவர்களில் பலர் இக்குடிசைகளில்தான் தங்குகிறார்கள். 2000 பெப்ரவரியில் எல் எஹிதோவில் மொரோக்கோவினருக்கு எதிராகப் பல நாட்கள் வன்முறை நடந்தது. ஊர் வளர்ந்தபோதும் உழைத்தவர்களுக்கு அந்த ஊரில் இடம் கிடைக்கவில்லை.

பசுமை இல்லங்களை நான் எதிர்க்கவில்லை. குறைந்த நிலத்திலும் குறைந்த நீரிலும் கூடுதலாக விளைவிக்கும் முறை எமக்கும் தேவைதான். ஆனால் கற்பிட்டி போன்ற எமது மணற்பாங்கான கரையோரங்களிலும் நன்னீர், உவர்நீரின் மேல் மெல்லிய படையாகவே நிற்கிறது. அங்கு பசளையின் நைத்திரேற்று கிணறுகளில் கலப்பது ஏற்கனவே அறியப்பட்ட பிரச்சினை. ஆகவே இத்தகைய திட்டமொன்று ஊருக்கு வரும்போது விளைச்சலை மட்டும் கேட்டு நிறுத்திவிடக் கூடாது. நீர் எங்கிருந்து வரும், கிழிந்த பொலித்தீனை யார் எடுத்துச் செல்வார், அறுவடை செய்பவர் இரவில் எங்கே தூங்குவார் என்ற மூன்று கேள்விகளையும் முதலாவது கூரை போடும் முன்னரே கேட்க வேண்டும்.