திகில் கதைகள்: தள்ளுவனவும் கொள்ளுவனவும்

“இரவு நேரத்தில் பேய்க்கதை படிக்காதே!” என்று பிள்ளைகளை அதட்டாத வீடு அரிது. அதட்டிய பின்பும் தலையணைக்கு அடியில் அந்தப் புத்தகம் இருக்கத்தான் செய்யும். மர்மக் கதைகளின் மீது மனித மனத்துக்குள்ள ஈர்ப்பு இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஆயிரத்தொரு இரவுகளில் வரும் ஷஹ்ரஸாத், விடியும் வேளையில் கதையைப் பாதியில் நிறுத்தி நிறுத்தியே தன் உயிரைக் காத்துக்கொண்டாள். ‘அடுத்து என்ன?’ என்னும் வினாவுக்கு அத்துணை வலிமை உண்டு.

ஆகவே, பெற்றோர் கேட்க வேண்டியது ‘படிக்கலாமா, கூடாதா?’ என்பதன்று, ‘எதைப் படிப்பது?’ என்பதே. ஒரு கதை அச்சுறுத்துகிறது என்றால், எதைக் கண்டு நம்மை அஞ்சச் செய்கிறது என்று பார்த்தல் வேண்டும். இருட்டையும் இரத்தத்தையும் மட்டும் காட்டுகின்ற கதை, விளக்கைப் போட்டதும் மறந்துபோகும். நம் வீட்டுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் ஒளிந்திருப்பதைக் காட்டும் கதையோ விடிந்த பிறகும் நம்மோடு வரும். அத்தகைய கதைகளைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. தாமிரபரணிக் கரையில் வாழ்ந்த எழுத்தாளர்களே அவற்றைத் தந்திருக்கின்றனர்.

முதலில் சொல்லத் தக்கவர் புதுமைப்பித்தன் (1906-1948). திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் பயின்றவர். அவருடைய ‘காஞ்சனை’ தமிழின் தலைசிறந்த திகில் கதைகளுள் ஒன்று. பிச்சை கேட்டு வந்த பெண்ணொருத்தியைக் கதை சொல்லும் எழுத்தாளரின் மனைவி இரக்கப்பட்டு வீட்டில் சேர்த்துக்கொள்கிறாள். அதன்பின் கணவருக்கு இரவுகள் உறக்கமற்றுப் போகின்றன. எதற்கும் அறிவால் விளக்கம் தேடும் மனிதர், விளக்க முடியாத ஒன்றின் முன்னே நிற்கிறார். வந்தவள் யார் என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்வதில்லை. இதை நம் மார்க்க நம்பிக்கையோடு குழப்பிக்கொள்ளத் தேவையில்லை. ஐயம் என்பது ஒரு குடும்பத்தின் உறக்கத்தை எப்படிப் பறிக்கும் என்று காட்டும் கதையாகவே இதைப் படிக்கலாம்.

அடுத்தது, 1949ஆம் ஆண்டு திருநெல்வேலியில் பிறந்த வண்ணநிலவனின் ‘எஸ்தர்’. இதில் பேயும் இல்லை, கொலைகாரனைத் தேடும் துப்பறிவாளனும் இல்லை. மழை பொய்த்து ஊரே காலியாகிறது. ஒரு கிறிஸ்தவக் குடும்பமும் புறப்பட ஆயத்தமாகிறது. ஆனால் நடக்க இயலாத முதிய பாட்டியை என்ன செய்வது? அந்த வினா எழுந்த நொடியிலிருந்து வாசகரின் நெஞ்சு கனக்கத் தொடங்கும். முடிவை இங்கே சொல்லிவிடுதல் முறையன்று. படித்து முடித்தவர், தம் வீட்டு மூலையில் கட்டிலில் கிடக்கும் முதியவரை ஒருமுறை திரும்பிப் பார்ப்பார் என்பது மட்டும் உறுதி.

மூன்றாமவர் நம்மவர், தோப்பில் முஹம்மது மீரான் (1944-2019). தேங்காப்பட்டணத்தில் பிறந்து, திருநெல்வேலியில் வணிகம் செய்து வாழ்ந்து, அங்கேயே மறைந்தவர். ‘முஸ்லிம் முரசு’ இதழில் தொடராக வந்து 1988இல் நூலான ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யில், ஓர் ஊரையே அச்சத்தில் வைத்திருக்கும் முதலாளியும், மக்களின் அறியாமையை முதலாக்கிப் பிழைக்க வரும் தங்ஙளும் உண்டு. 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘சாய்வு நாற்காலி’யில், குடும்பப் பெருமை பேசும் முஸ்தபாகண்ணு பழைய வீட்டின் பொருள்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்கிறார், மனைவியோ அடியும் வசவும் பட்டு வாழ்கிறாள். பாழடைந்த மாளிகையில் பேய் உலவுவதாகக் கதை சொல்வார்கள். இந்த மாளிகையில் உலவுவது வெறும் ஆணவமே.

இவற்றைப் படிப்பதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகள் தங்கவைக்கப்பட்டிருந்த கொட்டகை ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்பி ஓட வழியில்லை. 28 உயிர்கள் மாண்டன. நோயைப் பேயென்றும் பிசாசென்றும் அஞ்சி, மருத்துவரிடம் போகாத அறியாமையும் அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணியன்றோ? எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்று பிரித்தறியும் பக்குவத்தை நல்ல கதை தருகிறது. வெறும் பேய்க்கதையோ அந்த அறியாமைக்கே தீனி போடுகிறது.

எந்த வயதினருக்கு எது என்பதையும் பெற்றோர் கவனித்தல் நலம். மேற்கண்டவை கல்லூரி வயதினருக்கும் பெரியவர்களுக்கும் உரியவை. பள்ளிப் பிள்ளைகளுக்கு ‘அசன்பே சரித்திர’த்தின் கதையை எளிய நடையில் சொல்லிக் கொடுக்கலாம். இலங்கை அறிஞர் சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட இந்நூல், தமிழில் மிகத் தொடக்க காலத்தில் தோன்றிய நாவல்களுள் ஒன்று. கெய்ரோ நகரத்துப் பெருங்குடும்பத்துக் குழந்தை திருடப்பட்டுப் பம்பாயில் வளர்கிறது. பெற்றோர் யார் என்ற மர்மம் பிள்ளைகளைக் கட்டிப்போடும். நேர்மையான இளைஞனின் துணிவு அவர்களை உயர்த்தும்.

நூல்கள் கிடைப்பதும் கடினமன்று. புதுமைப்பித்தனின் படைப்புகள் 2002இல் நாட்டுடைமையாக்கப்பட்டதால் பல பதிப்பகங்கள் மலிவு விலையில் வெளியிட்டுள்ளன. பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகம் போன்ற பொது நூலகங்களிலும் கேட்டுப் பார்க்கலாம்.

பிள்ளை ஒரு திகில் கதையைப் படித்து முடித்தால், புத்தகத்தைப் பிடுங்காதீர்கள். “இதில் நீ யாருக்காகப் பயந்தாய்?” என்று கேளுங்கள். தனக்காக மட்டுமே பயந்திருந்தால், வேறு நல்ல நூலை எடுத்துக் கொடுங்கள். அந்தப் பாட்டிக்காகவோ, அடிபட்ட அந்த மனைவிக்காகவோ பயந்தேன் என்று சொன்னால், பிள்ளைக்கு வாசிப்பு கைவந்துவிட்டது என்று மகிழுங்கள்.