கருப்பையை அகற்றுவதா, வைத்திருப்பதா? – மாதவிடாய் நிற்கும் பருவத்தில் ஒரு தீர்மானம்

“புள்ள பெத்து முடிஞ்சிட்டுதானே, இனி என்னத்துக்கு அது? எடுத்துப் போட்டா நிம்மதி.”

நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு பெண், மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் உதிரம் போகிறது என்று வாய் திறந்தால் எமது வீடுகளில் கேட்கும் முதல் ஆலோசனை இதுதான். அடுத்த ஆலோசனை இதற்கு நேர்மாறாக இருக்கும். “அத எடுத்தா பொம்புளட சத்தே போயிடும். எப்படியும் நிண்டுடும், பொறுத்துக்க.” இரண்டுமே அன்பினால் சொல்லப்படுபவை. ஆனால் அந்தப் பெண்ணின் உடலில் என்ன நடக்கிறது என்பதை இரண்டுமே கேட்பதில்லை.

எனக்குத் தெரிந்த சகோதரிகள் இருவர். மூத்த ராத்தாவுக்கு 51 வயது, தங்கைக்கு 44. இருவருக்கும் ஒரே முறைப்பாடுதான், அதிக உதிரப்போக்கு. ஸ்கேனில் இருவருக்கும் ஃபைப்ரொயிட் எனப்படும் தசைக்கட்டி இருந்தது. ஒருவர் கருப்பையை அகற்றினார், மற்றவர் அகற்றவில்லை. இரண்டும் சரியான தீர்மானங்களே. அது எப்படி என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உதிரம் ஏன் குழம்புகிறது?

பெரும்பாலான பெண்களுக்கு 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் மாதவிடாய் நிற்கிறது. தொடர்ந்து 12 மாதங்கள் உதிரம் வராதிருந்தால்தான் அது நின்றுவிட்டது என்று வைத்தியர்கள் கொள்வார்கள். அதற்கு முந்திய சில ஆண்டுகளில் முட்டை ஒழுங்காக வெளியாவதில்லை. ஈஸ்ட்ரஜன், புரொஜெஸ்டரோன் ஆகிய இரு ஹோர்மோன்களின் சமநிலை தளம்புகிறது. கருப்பையின் உட்படலம் அளவுக்கு மீறித் தடித்து, பின் கண்டபடி உதிர்கிறது. தசைக்கட்டியோ, உட்படலத் திசு கருப்பைத் தசைக்குள் ஊடுருவும் அடினோமயோசிஸோ இருந்தால் உதிரமும் வலியும் இன்னும் கூடும்.

தசைக்கட்டிகள் ஈஸ்ட்ரஜனால் வளர்பவை. எனவே மாதவிடாய் நின்ற பின் அவை பெரும்பாலும் சுருங்கிவிடும். “பொறுத்துக்க” என்பதில் உள்ள உண்மை இதுதான். ஆனால் எத்தனை காலம், எவ்வளவு இரத்தத்தை இழந்துகொண்டு பொறுப்பது? தங்கையின் ஹீமோகுளோபின் 7 ஆக இறங்கியிருந்தது. நோன்பு மாதத்தில் ஸஹர் சமைக்க எழும்பியவர் குசினியிலேயே மயங்கி விழுந்த பிறகுதான் வீட்டாருக்கு விடயம் தெரிந்தது.

தெரிவுக்கு இடமில்லாத நிலைகள்

சில நிலைகளில் “எடுப்பதா, விடுவதா” என்று யோசித்துக் காலம் கடத்தக் கூடாது. கருப்பைப் புற்றுநோய் உறுதியானால் சத்திரசிகிச்சையே பிரதான வழி. உட்படலக் கலங்களில் பிறழ்வான மாற்றம் இருப்பதாக பயொப்ஸி காட்டினால், பிள்ளைப்பேறு முடிந்த பெண்ணுக்கு அகற்றுமாறே ஆலோசனை வழங்கப்படும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. மாதவிடாய் முற்றாக நின்று ஓராண்டுக்குப் பின் ஒரு சொட்டு உதிரம் பட்டாலும் உடனே காட்ட வேண்டும். அப்படி வரும் பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் இருக்கக்கூடும். மற்ற ஒன்பது பேருக்கும் காரணம் சிறியதாகவே இருக்கும். ஆனால் அந்த ஒருவர் யார் என்பதைச் சோதிக்காமல் சொல்ல முடியாது. “திரும்ப இளமை வந்திருக்கு” என்று சிரித்துவிட்டுப் போகும் விடயமல்ல இது.

இடையில் உள்ள வழிகள்

புற்றுநோய் இல்லை என்று உறுதியானால், அகற்றுவதற்கு முன் பார்க்க வேண்டிய வழிகள் பல உள்ளன. மாதவிடாய் நாட்களில் மட்டும் எடுக்கும் ட்ரனெக்ஸமிக் அசிட் குளிசை உதிரத்தைக் குறைக்கும். மெஃபனமிக் அசிட் உதிரத்தோடு வலியையும் குறைக்கும். புரொஜெஸ்டரோன் வகை ஹோர்மோன் குளிசைகளும் உண்டு. இவற்றோடு இரும்புச்சத்துக் குளிசையும் அவசியம்.

லெவோநொஜெஸ்ட்ரல் என்ற ஹோர்மோனைச் சிறிது சிறிதாக வெளியிடும் வளையம் ஒன்று உண்டு. கருப்பைக்குள் வைத்தால் சில ஆண்டுகளுக்கு வேலை செய்யும். கட்டி இல்லாதவர்களுக்கும், 3 சென்ரிமீற்றருக்குக் குறைவான கட்டி உள்ளவர்களுக்கும் முதலில் இதையே யோசிக்கும்படி பிரித்தானியாவின் மருத்துவ வழிகாட்டி கூறுகிறது. நாற்பத்தைந்து தாண்டியவருக்கு இது மாதவிடாய் நிற்கும் வரை கடந்துபோக ஒரு பாலமாக அமையும். வைத்த முதல் மாதங்களில் சொட்டுச் சொட்டாக உதிரம் படலாம். அது தெரியாமல் பலர் பயந்து கழற்றிவிடுகிறார்கள். உட்படலத்தை மட்டும் சுட்டு அழிக்கும் முறையும், கட்டிக்குச் செல்லும் இரத்தக் குழாயை அடைக்கும் முறையும் வசதியுள்ள ஆஸ்பத்திரிகளில் செய்யப்படுகின்றன.

மூத்த ராத்தாவின் கட்டி சிறியது. உதிரம் ஏற்கெனவே இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை என்று விலகத் தொடங்கியிருந்தது. உட்படலச் சோதனையும் நல்லபடி வந்தது. குளிசையோடு சமாளித்தார். ஒன்றரை ஆண்டில் தானாகவே நின்றது. தங்கையின் கட்டியோ சலப்பையை அழுத்தும் அளவுக்குப் பெரியது. மாதவிடாய் நிற்க இன்னும் ஆறேழு ஆண்டுகள் இருக்கலாம். குளிசைகள் பலன் தரவில்லை. அவர் அகற்றியதும் நியாயமே.

சூலகங்களையும் சேர்த்தா?

பலர் கேட்க மறக்கும் கேள்வி இது. “எல்லாத்தையும் ஒரேயடியா எடுத்திடுங்க டொக்டர்” என்று சொல்லிவிடுகிறார்கள். கருப்பையை மட்டும் எடுத்தால் மாதவிடாய் நிற்கும், சூலகங்கள் ஹோர்மோனைத் தொடர்ந்து சுரக்கும். சூலகங்களையும் எடுத்தால் மறுநாளே உடல் மெனோபோஸுக்குள் தள்ளப்படும். திடீர் உடற்சூடு, வியர்வை, தூக்கமின்மை ஆகியவற்றோடு, காலப்போக்கில் எலும்பு நலிவும் இருதய நோய் ஆபத்தும் கூடுகின்றன. அமெரிக்கத் தாதியர் ஏறத்தாழ 29,000 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2009 இல் வெளியான ஆய்வு, சூலகங்களை வைத்துக்கொண்டவர்களிடையே ஒட்டுமொத்த மரண வீதம் குறைவாக இருந்ததைக் காட்டியது. குடும்பத்தில் மார்பக, சூலகப் புற்றுநோய் அடுத்தடுத்து வந்திருந்தால் கணக்கு வேறு. அதை டொக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கருப்பைக் கழுத்தை விட்டுவைத்தால் பெப் பரிசோதனையைத் தொடர வேண்டும் என்பதையும் நினைவில் வைக்கவும். 1996 முதல் எமது நாட்டில் இயங்கும் சுகவனிதையர் கிளினிக்குகளில் இச்சோதனை இலவசம்.

“இனி எதற்கு” என்ற பேச்சின் விலை

இந்தியாவின் மகாராஷ்டிராவில், பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்கள் பெருந்தொகையாகக் கருப்பை அகற்றப்பட்ட செய்தி 2019 இல் வெளிவந்து அந்நாட்டையே உலுக்கியது. வேலைக்கு இடைஞ்சல் என்றும், புற்றுநோய் வரும் என்ற பயத்தாலும் முப்பதுகளிலேயே அகற்றிக்கொண்டவர்கள் அவர்களில் இருந்தனர். இது பெரிய சத்திரசிகிச்சை. இரத்தப்போக்கு, தொற்று, சலப்பைக்கும் சிறுநீர்க்குழாய்க்கும் காயம், கால் நாளங்களில் இரத்தக் கட்டி ஆகிய ஆபத்துகள் சிறிய அளவிலாவது உண்டு. வயிற்றைத் திறந்து செய்தால் ஆறு வாரமாவது பாரம் தூக்காமல் இருக்க வேண்டும். தண்ணீர் வாளியும் பேரப்பிள்ளையும் அதில் அடங்கும். வீட்டார் இதற்கு ஆயத்தமா என்பதையும் முன்கூட்டியே பேச வேண்டும்.

தொழுகையும் இத்தாவும்

தங்கை முதலில் கேட்டது நோயைப் பற்றியல்ல. “இப்படி ஓயாமப் போகக்குள்ள நான் தொழுறதா, விடுறதா?” என்பதே அவருடைய கேள்வி. மாதக்கணக்கில் தொழுகையை விட்டிருந்தார். ஷாஃபிஈ மத்ஹபில் ஹைழின் உச்ச அளவு 15 நாட்கள். அதைக் கடந்து ஓடும் உதிரம் இஸ்திஹாழா, அதாவது நோய் உதிரம். ஃபாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரழி) இதே முறைப்பாட்டோடு வந்தபோது, அது ஒரு நரம்பிலிருந்து வருவது, ஹைழ் அல்ல என்று நபி (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தினார்கள். இந்நிலையிலுள்ள பெண் கழுவித் துணி கட்டி, ஒவ்வொரு பர்ழுக்கும் நேரம் வந்தபின் வுழூச் செய்து தொழ வேண்டும். நோன்பும் கூடும். பதினைந்தைத் தாண்டும்போது எந்த நாட்களை ஹைழாகக் கணக்கிடுவது என்பதை ஆலிம் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

அகற்றுவது ஆகுமா என்ற தயக்கமும் உண்டு. 1988 இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, நிர்ப்பந்தமின்றிக் கருவளத்தை நிரந்தரமாக நீக்குவதையே தடுத்தது. நோய்க்கான சிகிச்சை அத்தேவைக்குள் வருகிறது. ஆனால் “கருப்பை இல்லாதவளுக்கு இத்தா இல்லை” என்று சிலர் சொல்வது பிழை. கணவனை இழந்தவளின் நான்கு மாதம் பத்து நாள் கருப்பையைப் பொறுத்த சட்டமல்ல.

கையொப்பம் யாருடையது?

டொக்டரிடம் போகும்போது ஐந்து கேள்விகளை எழுதிக்கொண்டு போகலாம். எனக்கு என்ன நோய்? புற்றுநோய் இல்லையென்று எந்தச் சோதனை சொல்கிறது? வேறு வழி என்ன? சூலகங்களை என்ன செய்வீர்கள்? ஆறு மாதம் பொறுத்தால் என்ன நடக்கும்? பெண் வைத்தியர் வேண்டுமென்றால் கேட்கலாம். ஆனால் அவர் கிடைக்கும் வரை நோயை வளரவிடக் கூடாது.

ஒப்புதல் பத்திரத்தில் கையொப்பமிடுவது நோயாளிதான். கணவரும் பிள்ளைகளும் பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் அவளுக்குப் பதிலாகப் பேச வேண்டாம். தங்கையின் மாமி கடைசிவரை மறுத்தார். கணவர் தயங்கினார். அப்போது தங்கை சொன்னது இவ்வளவுதான்: “ரெண்டு வருஷமா விழுந்து விழுந்து எழும்பினது நான்தானே. இனி நான் சொல்றத கேளுங்க.”