பங்கு பிரியாத வீடும் மாடி வாடகையும்

குடும்பம் பிரிந்தாலும் வீடு உடனே பிரிந்துவிடுவதில்லை. அடுப்பு இரண்டாகும், குடும்ப அட்டை இரண்டாகும், வீட்டு வரி ரசீது மட்டும் காலமான தந்தையின் பெயரிலேயே வந்துகொண்டிருக்கும். சிதம்பரத்துத் தேரோடும் வீதிகளிலும், கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரிலும் இத்தகைய வீடுகளைக் காணலாம். மாணவர்களாகிய நாம் அறை எடுத்துத் தங்குவதும் இவற்றில்தான். ஆகவே இது நமக்குப் புறம்பான செய்தியன்று.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். சிதம்பரம் தெற்கு வீதியில் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் வீடு வாங்கிய ஒருவர், உயில் எழுதாமல் இறந்துபோனார். அவருக்கு மனைவி, இரு மகன்கள், ஒரு மகள். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நால்வருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. மூத்த மகன் தாயோடு அவ்வீட்டில் இருக்கிறார். இளையவர் நெய்வேலியில், மகள் வாழ்க்கைப்பட்டது கடலூர் மஞ்சக்குப்பத்தில். பல ஆண்டுகள் எவரும் வாய் திறக்கவில்லை. ஒருநாள் மூத்தவர் மாடியை மாதம் 8,000 ரூபாய்க்கு மாணவர்களுக்கு விடுகிறார். அன்றுதான் பூசல் பிறக்கிறது.

அதுவரை இல்லாத பூசல் அன்று ஏன் வரவேண்டும்? பொறாமை என்று ஊர் சொல்லும். சட்டம் வேறு காரணம் சொல்கிறது. பங்குதாரர்களில் ஒருவர் பொதுவீட்டில் குடியிருந்தால், மற்றவர்களை வரவிடாமல் தடுக்காதவரை, அவருடைய அனுபவம் எல்லோர் சார்பிலுமான அனுபவமே. ‘நீ இருப்பதற்கு வாடகை கொடு’ என்று பொதுவாகக் கேட்க இயலாது. ஆனால் அயலாரிடமிருந்து வாடகை வாங்கிய மாத்திரத்தில் அது பொதுச்சொத்தின் வருமானமாகிறது. வரியும் மராமத்தும் போக எஞ்சியதற்கு அவர் கணக்குச் சொல்லியாக வேண்டும். ஓடு மாற்றிய செலவை அதில் கழிக்கலாம். தாயின் மருந்துச் செலவு வீட்டுக் கணக்கில் சேராது. இதைச் சொன்னால் மூத்தவருக்குக் கோபம் வரத்தான் செய்யும். தாயைப் பார்த்துக்கொண்டவர் அவரல்லவா! எனினும் அது வேறு கணக்கு.

தம் பங்கை மட்டும் வாடகைக்கு விட ஒருவருக்கு உரிமை உண்டு. மற்றவர்களின் பங்கை அவர்கள் இசைவின்றிக் கட்டுப்படுத்த இயலாது. மாடி முழுவதும் ‘என் பங்கு’ என்று சொல்வதும் செல்லாது. பிரிவினை ஆகும்வரை ஒவ்வொரு செங்கல்லிலும் நால்வருக்கும் உரிமை உண்டு. பங்கையே அயலாருக்கு விற்றுவிட்டால்? 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு, பங்கு பிரியாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் அவ்வாறு பங்கு வாங்கிய அயலார், குடும்பத்தாரோடு சேர்ந்து குடியேறுவதற்கு உரிமை தருவதில்லை. தோராப் கவாஸ்ஜி வார்டன் வழக்கில் 1990-இல் உச்ச நீதிமன்றம் இதை நிலைநாட்டியது. அது பார்சிக் குடும்பத்து வழக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். இப்பாதுகாப்பு இந்துக் குடும்பங்களுக்கு மட்டும் உரியதன்று.

மகளின் நிலை தனியே ஆராயத்தக்கது. வாரிசுரிமைச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, குடும்பத்தாரே முழுதும் குடியிருக்கும் வீட்டை ஆண்வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை, பெண்வாரிசு பாகம் கேட்க முடியாதென்று தடுத்தது. பங்கு உண்டு, கேட்கக் கூடாது! ஆனால் குடிக்கூலிக்கு விட்ட வீட்டுக்கு அத்தடை பொருந்தாதென்று, நரசிம்ம மூர்த்தி - சுசீலாபாய் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாடகைக்கு ஆசைப்பட்ட அண்ணன்மார் தம் கேடயத்தைத் தாமே கழற்றி வைத்தார்கள் எனலாம். 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பிரிவையே நீக்கிவிட்டது. இன்று மஞ்சக்குப்பத்துத் தங்கை எப்போது வேண்டுமானாலும் பாகம் கேட்கலாம்.

கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து வாங்கிய வீட்டிலும், அவர்கள் பிரிந்து வாழும்போது வாடகைக் கணக்கு இவ்வாறே. கூடுதலாக, குடும்ப வன்முறையால் பாதிக்கப்பட்ட மனைவி, 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்கீழ், அவ்வீட்டைக் கணவர் பிறர் கைக்கு மாற்றாதபடி ஆணை பெறலாம்.

பேச்சில் தீராவிட்டால் பாகப்பிரிவினை வழக்குத்தான். முதலில் பங்கு இன்னதென்று முதனிலைத் தீர்ப்பு. பின்னர் வழக்கறிஞர் ஆணையர் அளவுநாடாவுடன் வந்து அளந்த பிறகு இறுதித் தீர்ப்பு. குறுகிய முகப்பும் நீண்ட கொல்லையும் உள்ள வீட்டை நான்காக வகுக்க முடியாவிட்டால், 1893-ஆம் ஆண்டுப் பிரிவினைச் சட்டப்படி விற்றுப் பணத்தைப் பங்கிடலாம். வழக்கு நடக்கும் காலத்தில் வாடகையை நீதிமன்றத்தில் கட்டும்படியும் உத்தரவு பெறலாம். கேளாமல் விட்ட பழைய வாடகையைக் காலவரையறைச் சட்டம் பெரும்பாலும் 3 ஆண்டோடு நிறுத்திவிடும்.

இவ்வளவுக்கும் நடுவில் மாடியில் இருப்பவன் நம் தோழன். முதல் தேதி அண்ணன் வாடகை கேட்கிறார். ஐந்தாம் தேதி தம்பி வந்து ‘எனக்குத் தராவிட்டால் காலி செய்’ என்கிறார். அவன் கலங்க வேண்டியதில்லை. தன்னைக் குடிவைத்தவருக்கு நல்லெண்ணத்தோடு கொடுத்த வாடகையை மீண்டும் ஒருமுறை கொடுக்கும்படி சட்டம் சொல்லாது. யாருக்குக் கொடுப்பதென்று உண்மையாகவே ஐயம் எழுந்தால், வாடகை அதிகாரியிடம் கட்டிவைக்கலாம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் கேட்கிறது. அறை பார்க்கப் போகும்போது வீட்டு வரி ரசீது யார் பெயரில் உள்ளதென்று பாருங்கள். அது காலமானவர் பெயரில் இருந்தால், ஒப்பந்தத்தில் வாரிசுகள் அனைவரின் கையெழுத்தையும், அல்லது ஒருவர் வாங்கிக்கொள்ள மற்றவர்கள் தந்த சம்மதக் கடிதத்தின் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.